தாலுகா ஆஸ்பத்திரி மனநல ஓ.பி. ரிவ்யூ: வீட்ல வயசானவங்க இருக்கவங்க படிங்க

வீட்ல இருக்க பெரிய ஆளு சரியா தூங்காம, சாப்பிடாம, யார்ட்டயும் பேசாம ஒடுங்கிப் போய் கெடந்தா மனநல டாக்டர்ட்ட காட்டலாமா வேண்டாமான்னு நெறைய பேர் யோசிச்சிட்டு இருப்பீங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுதேன். நான் சொல்லப் போறது பிரைவேட் இல்ல, கவர்மெண்ட் தாலுகா ஆஸ்பத்திரியில வாரத்துல ஒரு நாள் மட்டும் நடக்குற மனநல ஓ.பி. எந்த ஆஸ்பத்திரின்னு பேரு போடல. குறையும் சொல்லப் போறேன், அங்க நின்னு வேலை பாக்குற சிஸ்டருங்க மேல பழி விழக் கூடாது, ஏன்னா அந்தக் குறையெல்லாம் அவங்க கையில இல்ல. திருநெல்வேலி பக்கம்னு மட்டும் வச்சிக்கோங்க.

மார்க்க மொதல்லயே சொல்லிருதேன். டாக்டர் ரூமுக்குள்ள நடந்ததுக்கு அஞ்சுக்கு அஞ்சு. வீட்ல இருந்து அந்த ரூம் வாசல் வரைக்கும் போய்ச் சேருறதுக்கு அஞ்சுக்கு ரெண்டு, அதுவும் பெருசு. மாத்திரை விடாம கெடைக்கிறதுக்கு மூணு.

நாங்க போனது எங்க அத்தைக்காக, வீட்டுக்காரரோட அம்மா, எழுபது தாண்டிட்டாங்க. முக்கூடல் பக்கம் எங்களுக்கு, பீடி சுத்துற ஊரு. சின்னப் புள்ளையில இருந்தே மடியில தட்டோட இருந்தவங்க. கண்ணு மங்கினதும் தட்ட எறக்கி வச்சாங்க, பின்னாடியே மாமாவும் போயிட்டாங்க, கொழுந்தனார் சென்னையில, நாத்தனார் துபாய்ல. அதுல இருந்து வெடியக்காலம் மூணு மணிக்கே எந்திரிச்சு திண்ணையில உக்காந்திருப்பாங்க. என்ன அத்தைன்னு கேட்டா "ஒண்ணுமில்லட்டி, வயிறு எரியுது"ம்பாங்க. மனசு சரியில்லன்னு ஒருநாளும் அவங்க வாயில வந்தது கெடையாது. வயிறு எரியுது, நெஞ்சு படபடங்குது, காலு ஓயுது, மேலுக்கு முடியல, எப்பவும் இதான்.

அப்போ என்ன செய்வோம், வயித்து டாக்டர், நெஞ்சு டாக்டர்னு போவோம்ல, போனோம். ஈசிஜி, ஸ்கேன், வாய்வழியா டியூப் விட்டுப் பாக்குறது எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். ஒரு எடத்துல தூக்கத்துக்குன்னு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, அதையே மெடிக்கல்ல பழைய சீட்ட காட்டி மாசக்கணக்கா வாங்கிப் போட்டாங்க, ஒருநாள் ராத்திரி ஒண்ணுக்குப் போக எந்திரிச்சு தள்ளாடி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சதுதான் கண்ட பலன். பொறவு மனநல டாக்டர் சொல்லித்தான் தெரியும், வயசானவங்களுக்கு அந்த வகை தூக்க மாத்திரை ரொம்ப நாள் போனா தள்ளாட்டம், கீழ விழுறது, மறதி, குழப்பம் எல்லாம் வரும்னு. மனச்சோர்வு இந்த வயசுல அழுகையா வராம வலியாவும் எரிச்சலாவும் பசியில்லாமையாவும் வர்றது சகஜம்னும் சொன்னாங்க. இந்த ஒரு விஷயம் ஊருக்குள்ள தெரிஞ்சிருந்தா எத்தன வீட்ல ஸ்கேன் செலவு மிச்சமாகும்.

எங்க தெருவுக்கு சுகர் மாத்திரை கொண்டு வார மக்களைத் தேடி மருத்துவம் அக்காதான் 14416க்கு அடிச்சுப் பாருங்கன்னு சொன்னாங்க. டெலி மானஸ்னு 2022 அக்டோபர் 10ந்தேதி, உலக மனநல நாள்ல, மத்திய அரசு ஆரம்பிச்ச நம்பர், அதே மாசம் நம்ம தமிழ்நாட்டுலயும் நட்புடன் உங்களோடுங்கிற பேர்ல தொடங்கிட்டாங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு கெடையாது. தமிழ்லயே பேசுனாங்க, அவசரப்படுத்தல. நான் அத்தைக்கு தூக்கம் வரலன்னு ஆரம்பிச்சேன், அவங்க ஒவ்வொண்ணா கேட்டு, சாகணும்னு ஏதும் பேசுதாங்களா, வீட்ல பூச்சிமருந்து இருக்கா, மிச்சம் மீதி மாத்திரைய கைக்கு எட்டுற எடத்துல வச்சிருக்கீங்களான்னு கேட்டப்போதான் எனக்கு திக்குன்னு இருந்துச்சு. வயலுக்கு அடிக்கிற மருந்து டப்பா மாட்டுத்தொழுவுல தொறந்துதான் கெடந்துச்சு. அன்னைக்கே எடுத்து பூட்டி வச்சோம். உங்க வீட்லயும் இருந்தா இப்பவே போய் பூட்டிட்டு வந்து மிச்சத்த படிங்க.

அந்த 14416ல பேசுனவங்கதான் எங்க தாலுகாவுல என்னைக்கு மனநல ஓ.பி. நடக்கும்னு சொன்னாங்க. மாவட்ட மனநலத் திட்டம்னு ஒண்ணு 1996ல இருந்து நாட்டுல இருக்கு, அதுக்கும் முன்னாடி தேசிய மனநலத் திட்டம் 1982லயே வந்தாச்சு. மாவட்டத்துல ஒரு குழு, மனநல டாக்டர், சைக்காலஜிஸ்ட், சமூகப் பணியாளர், நர்ஸ்னு, அவங்க சுத்தி சுத்தி வந்து பாக்குறதுதான் ஏற்பாடு. இவ்வளவு வருசமா இருக்கிற ஒண்ணு பக்கத்துல பத்து கிலோமீட்டர்ல நடக்குறது எங்க தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. கண் முகாம்னா ஆட்டோவுல மைக் கட்டி சொல்லுதாங்கல்ல, இதுக்கு ஏன் சொல்ல மாட்டேங்காங்க?

அத்தைய கெளப்புறதுதான் பெரும்பாடு. "ஏட்டி, என்னைய கோட்டின்னு முடிவு கட்டிட்டியளா, ஊரு என்ன சொல்லும்"னு அன்னைக்கு பூரா சாப்பிடல. எங்க வீட்டுக்காரர் சுகர் டாக்டர்னு சொல்லி கூட்டிட்டுப் போயிருவோம்னாரு, நான் ஒத்துக்கல, அங்க போய் போர்ட பாத்தா அப்புறம் நம்மள நம்ப மாட்டாங்க. "அத்தை, தூக்கத்துக்கும் மனசுக்கும் பாக்குற டாக்டர், ஒருக்க பேசிப் பாப்போம், புடிக்கலன்னா திரும்பப் போக வேண்டாம்"னு உள்ளத உள்ளபடி சொன்னேன். யாரும் பொய் சொல்லி கூட்டிட்டுப் போகாதீங்க. கடைசில எதித்த வீட்டு ஆச்சி "நானும் வாரேன், எனக்கும் தூக்கம் இல்ல"ன்னு சொன்னாங்க, அதுக்குத்தான் அத்தை சேலைய மாத்துனாங்க.

இனி குறை. டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, அது பெரிய உதவி, ஆனா பஸ் நிக்குற எடத்துல இருந்து ஆஸ்பத்திரிக்கு வெயில்ல நடக்கணும், வயசானவங்களுக்கு ஆட்டோதான், அதுக்கு கேக்குற காசுல டிக்கெட் இல்லாதது அடிபட்டுப் போகுது. உள்ள போனா ஓ.பி. சீட்டுக்கு ஒரே வரிசை. புள்ளத்தாச்சி, காச்சக்காரன், எண்பது வயசு ஆளு எல்லாம் ஒண்ணா நிக்கணும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம்னு 2007ல வந்துச்சுல்ல, புள்ளைங்க சோறு போடலன்னா வருவாய் கோட்டாட்சியர்ட்ட போகலாம்னு எல்லாருக்கும் தெரியும், அதே சட்டத்துல 20வது பிரிவுல ஆஸ்பத்திரியில மூத்த குடிமக்களுக்கு தனி வரிசை வைக்கணும்னு இருக்கு. எத்தன ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க? ஒரு கயிறும் ஒரு போர்டும்தானே செலவு.

மனநல ஓ.பி. மாடியில. எழுபது வயசு ஆளு, முட்டு வலி, கையில கட்டு, மாடியில. லிப்ட் கெடையாது. மேல ஏறுனா வராண்டாவுல ஒரு பெஞ்சு, அதுல நாலு பேரு, மிச்ச பேரு செவத்துல சாஞ்சு நிக்காங்க. கதவு தொறந்தேதான் இருக்கு, உள்ள பேசுறது வெளிய கேக்குது, சீட்ட பாத்து "மனநலம் யாரு, மனநலம் வாங்க"ன்னு ஒருத்தர் சத்தமா கூப்பிடுதாரு. அத்தை தலைய குனிஞ்சிக்கிட்டாங்க. பேரச் சொல்லி கூப்பிட்டா போதாதா? ஊரு ஆளு ஒருத்தர் அங்க நின்னா அடுத்த நாள் டீக்கடையில பேச்சு வந்துரும்ல, அந்தப் பயத்துலயே பாதிப்பேரு வர மாட்டாங்க. அன்னைக்கு வரிசையில வயசானவங்க ரொம்பக் கொறச்சல், அதுக்கு இந்த மாடிப்படியும் இந்த சத்தமும்தான் காரணம்னு நான் நெனைக்கேன்.

ஆனா உள்ள போன பொறவு நடந்தது வேற. டாக்டர் சின்னப் பொண்ணு. "ஆச்சி உக்காருங்க, பஸ்லயா வந்தீங்க"ன்னு ஆரம்பிச்சாங்க. என்னைய பேச விடல, "அவங்களே சொல்லட்டும்"னுட்டாங்க. அத்தை வயிறு எரியுதுன்னு சொல்ல, அதையும் பொறுமையா கேட்டாங்க. பொறவு பைய கொட்டச் சொன்னாங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, வாய்வு மாத்திரை, தூக்க மாத்திரை, யாரோ சொன்ன சத்து மாத்திரை, எல்லாத்தயும் மேசையில பரப்பி ஒவ்வொண்ணா பாத்தாங்க. சுகருக்கு மெட்ஃபார்மின் ரொம்ப வருசமா போடுதாங்க, அதுல பி12 சத்து கொறையும், அது கொறஞ்சாலே சோர்வும் மறதியும் வரும், தைராய்டு கொறஞ்சாலும் இதே மாதிரிதான், மொதல்ல ரெண்டுக்கும் ரத்தம் பாப்போம்னு எழுதுனாங்க. காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்து அழுக்கு அடைச்சிருக்கு, காது டாக்டர்ட்ட போய் எடுங்கன்னாங்க. காது கேக்கலன்னா ஆளு தானா பேச்ச கொறச்சிக்கிட்டு ஒதுங்கிருவாங்களாம், நாம மனசு சரியில்லன்னு நெனைப்போம், இல்ல மறதின்னு நெனைப்போம். மனநல டாக்டர் காதப் பாப்பாங்கன்னு யாரு எதிர்பாத்தா.

அப்புறம் ஆமா இல்லன்னு சொல்ற மாதிரி 15 கேள்வி. வாழ்க்கை திருப்தியா இருக்கா, முன்னாடி செஞ்ச வேலையெல்லாம் விட்டுட்டீங்களா, வெளிய போறத விட வீட்ல இருக்கதுதான் பிடிக்குதா, இந்த மாதிரி. வயசானவங்களுக்குன்னே உள்ள கேள்வித்தாளாம், உலகம் பூரா கேக்காங்களாம். பத்து நிமிசம் ஆகல. இத கேக்க டாக்டரே வேணும்னு இல்ல, நல்லா பழகிக் கொடுத்தா நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸே கேக்கலாம். நடுவுல எங்கயோ அத்தை "சும்மா இருக்கேன்லா, அதான் முடியல"ன்னு சொல்லிட்டு அழுதுட்டாங்க. மாமா சாவுக்குக் கூட அப்படி அழுகல. டாக்டர் ஒண்ணும் சொல்லாம கொஞ்ச நேரம் விட்டுட்டு, "எத்தன கட்டு சுத்துவீங்க ஆச்சி ஒரு நாளைக்கு"ன்னு கேட்டாங்க. அத்தை கண்ண தொடச்சிட்டு கணக்கு சொன்னாங்க பாருங்க, எவ்வளவு நாளுக்கு அப்புறம் அந்தக் கொரல கேட்டேன்.

மறதி நோய் இல்ல, மனச்சோர்வுதான்னு சொன்னாங்க. தூக்க மாத்திரைய டக்குன்னு நிறுத்தக் கூடாது, பாதி, கால்னு கொறச்சுக்கிட்டே வரணும்னு தாள்ல கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தாங்க. மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, ரொம்பக் கொறஞ்ச அளவுல ஆரம்பிச்சாங்க. இந்த வயசுல அந்த மாத்திரையால ரத்தத்துல உப்பு கொறையலாம், அதனால கொஞ்ச நாள்ல ரத்தம் பாக்கணும், தலைசுத்தல் குழப்பம் வந்தா ஒடனே வரணும்னாங்க. ரெண்டு நாள்ல கேக்காது, மாசம் ஒண்ணு ரெண்டு ஆகும், நல்லாயிட்டுன்னு நீங்களா நிறுத்தாதீங்க, அதுக்கப்புறமும் ஆறு மாசமாவது போடணும். இதோட இன்னொண்ணும் எழுதுனாங்க, மத்தியானம் தெருவுல பீடி சுத்துறவங்க உக்காருற திண்ணையில போய் உக்காரணும், சுத்தலன்னாலும் பரவால்ல. இது எந்த ஸ்கேன்ல தெரியும் சொல்லுங்க? அத்தைக்குப் போனது தொழிலு மட்டுமா, நாலு மணி வரைக்கும் கூட உக்காந்து கத பேசுன அத்தன பேரும் சேந்துதானே போயிட்டாங்க.

இப்போ நல்லா இருக்காங்க. தூக்கம் அஞ்சு மணி நேரம் வருது, திண்ணைக்குப் போறாங்க, குழம்புக்கு உப்பு இல்லன்னு என்னைய வைய ஆரம்பிச்சுட்டாங்க.

மாத்திரைக்கு ஏன் மூணு மார்க்? மாத்திரை இலவசம், நல்ல மாத்திரைதான், ஆனா ஒரு தடவைக்கு கொஞ்ச நாளைக்குத்தான் தாராங்க. அடுத்து போனா டாக்டர் வேற முகாமுக்குப் போயிட்டாங்க, போர்டுலயும் எழுதிப் போடல, போன்லயும் யாரும் சொல்லல. எதித்த வீட்டு ஆச்சி அன்னைக்கு வெறும் கையோட திரும்புனவங்க, அதோட வரமாட்டேன்னுட்டாங்க. திடீர்னு நிறுத்தக் கூடாத மாத்திரைய ஆள் இல்லங்கிறதுக்காக நிறுத்த வச்சா எப்படி?

இங்கதான் நான் கேக்கேன். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட் 5ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்குன திட்டம், சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருது, படுத்த படுக்கையா கெடக்கவங்களுக்கு பிசியோதெரபி, வலி தணிக்கிற கவனிப்பு எல்லாம் வீட்டுக்கே வருது. அந்த அக்காவுக்கு எங்க தெருவுல எந்த வீட்ல யாரு சாப்பிடல, யாரு பேசலன்னு எல்லாம் தெரியும். எங்க வீட்டுக்கு வர்ற அந்தப் பையில மனச்சோர்வு மாத்திரையும் சேந்து வந்தா, அதான் டாக்டர் பாத்து முடிவு பண்ணி நெலையா போடுற மாத்திரைய சொல்லுதேன், அத்தை மாடி ஏற வேண்டாம், டாக்டர மூணு மாசத்துக்கு ஒருக்க பாத்தா போதும். அந்த 15 கேள்வியையும் சுகர் பாக்குறப்பவே வருசத்துக்கு ஒருதடவை கேட்டுட்டா மனநலம்னு போர்டு போட்ட ரூமுக்கு வர வெக்கப்படுறவங்கள்லாம் தானா தெரிஞ்சிருவாங்க. அந்த அக்காவுக்கு இந்த வேலைக்கு தனியா சம்பளம் கொடுக்கணும், சும்மா தலையில கட்டக் கூடாது, அதையும் சொல்லிருதேன்.

இது எங்க வீட்டு கத மட்டும்னு நெனைக்காதீங்க. 2017-18ல வயசானவங்களப் பத்தி நாடு பூரா எடுத்த லாசி (LASI) சர்வேல, 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 100க்கு 8 பேருக்கு மேல மனச்சோர்வுக்கான அறிகுறி இருந்துச்சு, ஆனா டாக்டர் எனக்கு மனச்சோர்வுன்னு சொல்லிருக்காங்கன்னு சொன்னவங்க 100க்கு 1 ஆளு கூட வரல. அறிகுறி உள்ள பத்துல ஒம்பது பேரு எங்க அத்தை மாதிரி வயிறு எரியுதுன்னு அலையிதாங்கன்னுதானே அர்த்தம். தமிழ்நாட்டுல 2011ல 100க்கு 10 பேரா இருந்த வயசானவங்க 2021ல 13க்கு மேலன்னு கணக்கு, கேரளாவுக்கு அடுத்து நாமதான். புள்ளைங்க சென்னை, பெங்களூர், வளைகுடான்னு போயிட்ட நம்ம பக்கத்து ஊருகள்ல போய் பாருங்க, தெருவுக்கு பாதி வீட்ல வயசானவங்க மட்டுந்தான்.

சட்டம் இல்லாம இல்ல. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்துல 18வது பிரிவு, அரசு நடத்துற சேவையில மனநல சிகிச்சை வாங்குறது ஒவ்வொருத்தரோட உரிமைன்னு சொல்லுது, அதுலயே முதியோருக்கான மனநல சேவைய தனியா பேரு சொல்லி போட்டிருக்கு. சென்னை கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில தொறந்திருக்காங்க, நல்ல விஷயம், ஆனா இங்க இருந்து 600 கிலோமீட்டர். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்ல மெடிக்கல் காலேஜ் 1965ல இருந்து இருக்கு, சிக்கலான கேஸுன்னா அங்க எழுதி அனுப்புதாங்க, எழுதி அனுப்புறப்பவே நாள், நேரம், எந்த ரூம்னு போட்டுக் கொடுத்தா வயசானவங்க அந்தப் பெரிய வளாகத்துல சுத்தி அலைய வேண்டியதில்ல. புதுக்கோட்டை பக்கம் ஸ்கார்ஃப்ங்கிற சென்னை மனநல அமைப்பு பஸ்ஸுக்குள்ளயே டிவி வச்சு சென்னையில இருக்க டாக்டர கிராமத்துக்கு பேச வச்சாங்க, மாத்திரையும் பஸ்லயே. தாமிரபரணிக் கரையில அது ஏன் ஓடக் கூடாது?

இன்னொண்ணு, கூட இருந்து பாக்குறவங்கள யாரும் கணக்குல எடுக்க மாட்டேங்காங்க. அத்தைய கூட்டிட்டுப் போற அன்னைக்கு என் பீடிக் கூலி போச்சு. மறதி நோய் உள்ள ஆள வீட்ல வச்சிருக்கவங்க கதி இன்னும் மோசம், பக்கத்து ஊர்ல ஒரு அண்ணாச்சி வீட்ல கதவப் பூட்டிட்டுத்தான் கடைக்குப் போறாங்க, வேற என்ன செய்ய முடியும் அவங்களால. லாசிக்காரங்களே தனியா எடுத்த கணக்குல 60க்கு மேல 100ல 7 பேருக்கு மேல மறதி நோய். பகல்ல மட்டும் கொண்டு விட்டு சாயங்காலம் கூட்டிட்டு வார மாதிரி ஒரு எடம் ஒன்றியத்துக்கு ஒண்ணு வேணும். கட்டடம் கூட புதுசா வேண்டாம், எங்க ஊரு சமுதாயக் கூடம் கல்யாணம் இல்லாத நாள்ல பூட்டித்தான் கெடக்கு.

போறவங்களுக்கு சொல்லிருதேன். எல்லா மாத்திரையும் அட்டையோட அள்ளிட்டுப் போங்க, பழைய ரிப்போர்ட்டும். கண்ணாடி, பல்செட், காது மெஷின் இருந்தா மறக்காதீங்க. எட்டரைக்கே போயிருங்க, கையில தண்ணியும் சுகர்காரங்களுக்கு பிஸ்கட்டும் இருக்கட்டும். மொத நாளே ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு மனநல டாக்டர் நாளைக்கு உண்டான்னு கேளுங்க. ஏறமுடியாத ஆளுன்னா கீழ சிஸ்டர்ட்ட சொல்லுங்க, நாங்க கேட்டப்போ டாக்டரே கீழ எறங்கி வந்து வேற ஒரு தாத்தாவ பாத்தாங்க. பென்ஷன், சொத்துப் பிரச்சன, புள்ளைங்க அடிக்காங்க, தனியா விட்டுட்டாங்கன்னா முதியோருக்குன்னே 14567 இருக்கு, காலையில 8ல இருந்து ராத்திரி 8 வரைக்கும். மனசுக்கு 14416, எந்நேரமும்.

எங்க தெரு பொம்பளைங்க சேந்து மனு ஒண்ணு எழுதிருக்கோம், வர்ற திங்கக்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள்ல கொடுக்கப் போறோம். கேட்டிருக்கது இவ்வளவுதான்: மனநல ஓ.பி.ய கீழ்த்தளத்துக்கு மாத்தணும், வயசானவங்களுக்கு தனி வரிசை, டாக்டர் வராத நாள மொதல்லயே போன்ல சொல்லணும், ரெண்டு மாச மாத்திரை ஒண்ணா தரணும், அந்த மாத்திரைய வீட்டுக்கு எடுத்து வார பொறுப்ப மக்களைத் தேடி மருத்துவத்துல சேக்கணும். அத்தையும் கையெழுத்து போட்டிருக்காங்க, எதித்த வீட்டு ஆச்சி கைநாட்டு. உங்க தாலுகாவுக்கும் இதே குறைன்னா நீங்களும் ஒரு மனு எழுதிட்டு வாங்க, காலையில பத்து மணிக்கெல்லாம் நாங்க அங்க நிப்போம்.